வால் இல்லாமல் வரும் திருக்கை

வேப்பூரிலிருந்து கிழக்கே கடலைத் தொட எண்பது கிலோமீட்டர் போல் போக வேண்டும். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன இந்த ஊரில் திருக்கை என்றால் கருவாடு. அதை விட்டால், மீன்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் போடும் தட்டையான சதைத் துண்டு. புளியும் பூண்டும் தூக்கலாக வைத்த திருக்கைக் குழம்பில் முள் பார்த்து எடுக்கும் வேலை இல்லை என்பதால் பிள்ளைகளுக்கும் தைரியமாகப் போடுவார்கள். அப்படி உள்ளூர்வரை வரும் திருக்கைக்குப் பெரும்பாலும் வால் இருக்காது. வலையிலிருந்து எடுத்ததும் படகிலேயே வாலை வெட்டிக் கடலில் எறிந்துவிடுவது மீனவர்கள் வழக்கம். ஏன் வெட்டுகிறார்கள் என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் பக்கம் மீன் வருகிறது, அந்த விவரம் வருவதில்லை.

வராவிட்டால் என்ன என்று கேட்கலாம். மாசி மகத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும் பல ஊர்ச் சாமிகள் வருகின்றன. சாமிக்குப் பின்னாலேயே வேனிலும் டிராக்டரிலும் உள்நாட்டுச் சனம் வந்து இறங்குகிறது. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க, முங்கி எழ, பிள்ளைகளுக்கு அலை காட்ட என்று எல்லோரும் வெறுங்காலோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். கிள்ளையும் பரங்கிப்பேட்டையும் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய ஊர்கள். விருத்தாசலத்தின் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து கடைசியில் அங்கேதான் போய் விழுகிறது. பக்கத்திலேயே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. ஆழமில்லாத, கலங்கலான, மணலும் சேறும் கலந்த தரை. நண்டும் இறாலும் மட்டியும் தேடித் திருக்கை வரும் தரையும் இதே மாதிரியானதுதான்.

திருக்கை சுறாவின் உறவு. உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. வாயும் செவுளும் வயிற்றுப் பக்கம், கண் முதுகுப் பக்கம். மணலில் படுத்து இரண்டு பக்கத் துடுப்புகளையும் அடித்தால் மணல் எழும்பி அதன் மேலேயே படிந்துவிடும். வெளியே தெரிவது இரண்டு கண்ணும், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துளையும் மட்டுமே. வாய் மண்ணுக்குள் புதைந்திருக்கும்போது மூச்சுவிட உதவுவது அந்தத் துளைகள்தான்: அவற்றின் வழியே மேலிருந்து நீரை இழுத்துக் கீழே செவுள் வழியாக வெளியே விடுகிறது. முழுத் திருக்கை ஒன்று மீன் கடையில் கண்ணில் பட்டால் கண்ணுக்குப் பின்னால் பாருங்கள், துளை தெளிவாகத் தெரியும்.

மண்ணுக்கு அடியில் இருக்கும் மட்டியை அது கண்ணால் தேடுவதில்லை. கண் இருப்பது மேலே, இரை இருப்பது கீழே. எந்த உயிரின் உடம்பைச் சுற்றியும் மிகச் சிறிய மின்புலம் ஒன்று உண்டு. திருக்கையின் வாயைச் சுற்றிப் பசை நிரம்பிய நுண்துளைகள் இருக்கின்றன. புதைந்து கிடக்கும் இரையின் மின்புலத்தை அவை உணர்ந்துவிடும். இத்தாலிய மருத்துவர் ஸ்டெஃபனோ லோரென்சினி 1678இல் இந்தத் துளைகளை வரைந்து விவரித்து வைத்தார். அவை எதற்காக என்பது விளங்க இருபதாம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

குட்டிகளைப் பெறுவதிலும் திருக்கை நாம் நினைக்கும் மீன் மாதிரி இல்லை. வாலில் முள் உள்ள திருக்கைகள் கடலில் முட்டையிட்டு விட்டுப் போவதில்லை. குட்டிகள் வயிற்றுக்குள்ளேயே வளர்கின்றன. கருப்பைச் சுவரில் சுரக்கும் கொழுப்பும் புரதமும் நிறைந்த ஒரு பாலைக் குடித்து உருவாகி, முழு வடிவில் வெளியே வருகின்றன. வாலில் முள்ளோடுதான் பிறக்கின்றன. தாய்க்குக் காயம் படாதபடி அந்த முள்ளை மெல்லிய உறை மூடியிருக்கும்.

அந்த முள்ளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வாலின் நுனியில் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது இருப்பது வாலின் மேற்புறத்தில், பல இனங்களில் உடம்புக்கும் நுனிக்கும் இடையில். விரல் நீளத்திலிருந்து பெரிய இனங்களில் ஒரு சாண், அதற்கு மேலும் போகும். இரண்டு ஓரமும் கருக்கரிவாள் போலப் பல்பல்லாக இருக்கும். பற்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வரும்போதுதான் சதையைக் கிழிக்கும். முள்ளின் அடிப்பக்கத்தில் இரண்டு நீளமான பள்ளங்கள். விஷம் சுரக்கும் திசு அவற்றில்தான் இருக்கிறது. முழுவதையும் ஒரு தோல் உறை மூடியிருக்கிறது. பாம்புப் பல்லில் இருப்பது போன்ற குழாய் எதுவும் இதில் இல்லை. முள் குத்தும்போது உறை கிழிகிறது, திசு நசுங்குகிறது, விஷம் காயத்தில் கலக்கிறது. அவ்வளவுதான் ஏற்பாடு. முள் ஒடிந்தாலும் உதிர்ந்தாலும் புதிதாக முளைக்கும். ஒரே வாலில் இரண்டு மூன்று முட்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதும் உண்டு. முள் உருவாகியிருக்கும் பொருள் நம் பல்லில் உள்ள தந்தினியின் இனம். சுறாவின் சொரசொரத் தோலில் இருக்கும் செதில்களும் அதே வகைதான். ஆக, திருக்கை முள் என்பது வாலில் முளைத்த பல்.

குருத்தெலும்பு உடம்பு மக்கிப்போகும், பல்லும் முள்ளும் தங்கும். அதனால்தான் பழங்காலச் சுறாக்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பற்களிலிருந்து வந்தது. அரியலூர்ப் பக்கம் காரையில் கிரெட்டேசியக் காலச் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. அதே காலத்துக் கடல் படிவுப் பாறைகள் விருத்தாசலம் பகுதியிலும் வெளியே தெரிவதை 1860களிலேயே நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு வரைபடமாக்கினார். டைனோசர்கள் தரையில் திரிந்த நாளில் இந்தப் பக்கத்தின் ஒரு பகுதி கடலுக்கடியில் இருந்தது. பீங்கானுக்கு மண் குழைக்கும் விருத்தாசலத்துக்கு இப்படியும் ஒரு பழைய கதை இருக்கிறது.

திருக்கை முள்ளால் வேட்டையாடுவதில்லை. தேடி வந்து குத்துவதும் இல்லை. மேலே சுறாவோ வேறு பெரிய மீனோ வந்து அழுத்தினால் வால் மேல்நோக்கிச் சுழன்று அடிக்கும். முதுகில் மனிதக் கால் விழுந்தாலும் அதே அடிதான். எனவே குத்து பெரும்பாலும் பாதத்தின் மேற்புறத்திலோ கணுக்காலிலோ விழுகிறது.

கூட்டமாக இறங்கினால் என்ன ஆகும் என்பதை மும்பை பார்த்தது. 2013 செப்டம்பரில் கிர்காவ் சௌபாட்டியில் பிள்ளையார் சிலைகளைக் கரைக்க இறங்கியவர்களில் ஐம்பது பேருக்கு மேல் திருக்கை முள்ளால் குத்துப்பட்டார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் மீன்வளத் துறை முன்கூட்டியே வலை வீசிப் பார்த்து, வெறுங்காலோடு இறங்காதீர்கள் என்று எச்சரிக்கை விடுகிறது. மாசி மகத்துக்கும் இப்படி ஓர் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தால் நல்லது என்பது என் ஆசை. நகை பத்திரம், பிள்ளைகள் பத்திரம் என்று சொல்லும் அதே ஒலிபெருக்கியில் கால் பத்திரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குத்தினால் வலி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1608இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆங்கிலேயரான கேப்டன் ஜான் ஸ்மித் ஒரு திருக்கையைப் பிடித்தபோது மணிக்கட்டில் குத்து வாங்கினார். சில மணி நேரத்தில் கையும் தோளும் வீங்கின. பிழைக்க மாட்டார் என்று கூட இருந்தவர்கள் அவருக்குக் குழியே வெட்டினார்கள். இரவுக்குள் தேறி எழுந்த ஸ்மித், தன்னைக் குத்திய அந்த மீனையே சாப்பிட்டார். அது நடந்த கடல் முனைக்கு இன்றும் திருக்கை முனை என்றுதான் பெயர்.

வலி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போகும். கவனிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நாள்கூட நீடிக்கும். உயிர்ச்சேதம் மிக அரிது. அதுவும் பெரும்பாலும் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தினால்தான். தொலைக்காட்சியில் விலங்குகளைக் காட்டிய ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4 அன்று இறந்தது மார்பில் முள் பாய்ந்ததால். அவர் இறந்த சில நாட்களில் குயின்ஸ்லாந்து கடற்கரைகளில் வால் அறுக்கப்பட்ட திருக்கைகள் செத்துக் கிடந்தன. வாழ்நாளெல்லாம் விலங்குகளுக்காகப் பேசிய மனிதரின் பெயரால் நடந்த அந்தப் பழிவாங்கலை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

காலில் குத்தினால் செய்ய வேண்டிய முதல் காரியம் வெந்நீர். பதற்றத்தில் கையில் கிடைத்த ஐஸை வைப்பவர்களே அதிகம், அதனால் வலி அடங்காது. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்தி நிறுத்துங்கள், காயத்தைக் கழுவுங்கள். பிறகு தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத நீரில், காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. நல்ல காலையோ இன்னொருவர் கையையோ விட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். ஆற ஆற வெந்நீர் சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் மருத்துவர்கள் திருக்கை குத்திய 119 பேரின் குறிப்புகளை அலசி 2007இல் வெளியிட்டார்கள். முதலில் வெந்நீர் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 88 சதவீதம் பேருக்கு வேறு வலிமருந்தே தேவைப்படவில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. திருக்கை விஷத்தின் புரதங்கள் சூட்டில் சிதைகின்றன என்பது பழைய விளக்கம். சதைக்குள் அவ்வளவு ஆழத்துக்கு அந்தச் சூடு போகுமா, நரம்பு வலியை உணரும் விதத்தையே சூடு மாற்றுகிறதா என்று இப்போது கேட்கிறார்கள். எது சரியாக இருந்தாலும், கெளுத்தி முள் குத்தினாலும் இதே வெந்நீர் கேட்கும்.

கயிறு கட்டக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. பாம்புக்கடி மருந்து இதற்கு உதவாது. திருக்கை விஷத்துக்கென்று முறிமருந்தும் கிடையாது. வலி நின்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். முள்ளின் துணுக்கு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், டெட்டனஸ் ஊசி போடுவார்கள். கடல்நீரில் உள்ள கிருமிகளால் புண் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் பாய்ந்திருந்தால் பிடுங்காதீர்கள், அது அசையாமல் பார்த்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினாலும் மயக்கம் வந்தாலும் அப்படியே.

இவ்வளவும் குத்தின பிறகு. குத்தாமல் இருக்க வழி எளிது. தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள். பாதம் தரையை விட்டு எழாமல், மணலைத் தள்ளிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்து போங்கள். அதிர்வும் மணல் கலங்குவதும் தெரிந்ததும் திருக்கை தானே எழுந்து விலகிப் போய்விடும். விரல் நுனி அதன் துடுப்போரத்தில் பட்டாலும் பரவாயில்லை, அது ஓடப் பார்க்கும். முதுகில் மிதிபட்டால்தான் முள் எழும். கையில் கம்பு இருந்தால் முன்னால் தட்டிக்கொண்டே போகலாம். ரப்பர் பூட்ஸ் ஓரளவு காப்பாற்றும், பெரிய முள்ளை முழுக்கத் தடுக்காது. கரையில் செத்துக் கிடக்கும் திருக்கையைப் பிள்ளைகள் வாலைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள், செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும்.

அடுத்த மாசி மகத்துக்கு வேன் ஏறும்போது, கட்டுச்சோற்று மூட்டையோடு வெந்நீர் ஊற்றிய பெரிய ஃபிளாஸ்க் ஒன்றையும், கால் நுழையும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்து நடப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு முறை காட்டிவிடுங்கள்.