காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

மழை தொடங்கியதிலிருந்து என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் காய்ச்சல்காரர்கள். போன வாரம் ஒரு பாட்டி, பத்து வயதுப் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. அதில் நிலவேம்புக் கஷாயம். “நேத்து ராத்திரியே காய்ச்சல் விட்ருச்சு டாக்டரம்மா. ஆனா புள்ள எந்திரிக்கவே மாட்டேங்குறான்” என்றார்.

பையனின் கை கால் சில்லிட்டிருந்தன. நகத்தை அழுத்திவிட்டால் வெளுப்பு மாறிச் சிவக்க நான்கு நொடி ஆனது. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான் என்று கேட்டேன். பாட்டிக்குத் தெரியவில்லை. டெங்கு அதிர்ச்சி நிலை. பிழைத்துவிட்டான். ஆனால் காய்ச்சல் இருந்த ஐந்து நாளும் வீட்டில் கஷாயம் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள்.

நிலவேம்பு என்ன செய்யும்?

நான் நிலவேம்புக்கு எதிரி இல்லை. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து அது. டெங்கு பரவியபோது தமிழக அரசே ஊர் ஊராகக் கொடுத்தது.

ஆதாரமும் ஓரளவு இருக்கிறது. தாய்லாந்தில் தொண்டை அழற்சி வந்த 152 பேரிடம் நடந்த ஆய்வு 1991-இல் வெளியானது. நாளுக்கு 6 கிராம் நிலவேம்பு எடுத்தவர்களுக்கு மூன்றாம் நாளில் காய்ச்சலும் தொண்டை வலியும் பாராசிட்டமால் எடுத்தவர்களுக்குக் குறைந்த அளவுக்கே குறைந்தன. 3 கிராம் எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஏழாம் நாளில் மூன்று குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. 2017-இல் 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சளி, இருமல், தொண்டை வலிக்கு ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் அவற்றில் பல ஆய்வுகள் தரம் குறைந்தவை.

இவையெல்லாம் அளந்து கொடுத்த பொடியையும் சாற்றையும் வைத்துச் செய்தவை. நம் அடுப்பில் ஒரு நாள் கெட்டியாகவும் ஒரு நாள் தண்ணீராகவும் இறங்கும் கஷாயத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டெங்கு கிருமிக்கு எதிராக ஆய்வுக்கூடத்தில், உயிரணுக்களில் பலன் தெரிந்திருக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டெங்குவில் பெரும்பாலும் உயிரை எடுப்பது அந்தக் கசிவுதான்.

தினமும் நான் கேட்கும் பேச்சுகள்

“கஷாயம் குடிச்சதும் காய்ச்சல் விட்ருச்சு.” என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான். டெங்கு காய்ச்சல் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் தானாகவே இறங்கும். நீர்க்கசிவு தொடங்குவதும் அதே நேரத்தில்தான். கஷாயம் ஜெயித்துவிட்டது என்று குடும்பம் நிம்மதியாகத் தூங்கும் அந்த ராத்திரியில்தான் பிள்ளை சரிகிறான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, சிறுநீர் குறைவு: இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

“பப்பாளி இலைச் சாறு தட்டணுவை ஏத்தும்.” நோய் தணியும்போது தட்டணுக்கள் தாமே ஏறும். ஏற்கெனவே வாந்தி எடுக்கும் குழந்தையின் வாயில் அந்தக் கசப்பை ஊற்றினால், உள்ளே இருக்கும் கொஞ்ச நீரும் வெளியே வந்துவிடும்.

“மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை.” நிலவேம்பால் கடும் ஒவ்வாமை வந்தது குறித்து ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. கர்ப்பிணிகள் இதைக் குடிக்கவே கூடாது.

கஷாயத்தைவிட எனக்குக் கோபம் வருவது மெடிக்கல் ஷாப் மாத்திரைகள்மேல். உடம்பு வலிக்கிறது என்றதும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று கலந்து காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். டெங்குவில் இவை ரத்தக்கசிவை வரவழைக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். குழந்தைக்கு ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் இடைவெளி. கூடவே ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர், மோர். கஷாயமும் குடிக்க வேண்டுமென்றால் சித்த மருத்துவரிடம் அளவு கேட்டுக் குடியுங்கள். ஆனால் மூன்றாம் நாள் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பரிசோதனை

டெங்குவா என்று அறிய, காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1, அதன் பிறகு ஐ.ஜி.எம். ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்; ரத்த அணுக்கள் எண்ணிக்கையை மருத்துவர் சொல்லும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

தயவுசெய்து தொட்டியை மூடுங்கள்

ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் இன்றே பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. இந்தக் கொசு பகலில் கடிக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.

அந்தப் பையனின் வீட்டில் பின்கட்டுத் தொட்டிக்கு மூடி இல்லையாம். வீட்டுக்கு அனுப்பும் அன்று அவன் அப்பாவிடம் கேட்டேன். “ஞாயித்துக்கிழமை வாங்கிடுறேன் டாக்டரம்மா” என்றார். அன்று செவ்வாய். டெங்குவில் நான்கு வகை உண்டு, இன்னொரு வகை வந்தால் இதைவிட மோசமாகலாம், வீட்டில் தங்கச்சியும் இருக்கிறாள் என்று சொல்லி, போகிற வழியிலேயே வாங்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.