சாய்ந்த எழுத்து வந்த கதை

சேலம், நாமக்கல் பக்கம் வீடு தேடி வரும் கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். சிலவற்றில் மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில் சாய்வாக இருக்கும். எழுத்தின் முனைகளில், பேனாவால் இழுத்ததுபோல் சிறு கொக்கி இருக்கும்.

இத்தாலியில் பிறந்தது

இந்த எழுத்தின் பெயர் 'இத்தாலிக்'. இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பவர் அச்சகம் நடத்தினார். கற்றவர்களின் கையெழுத்தைப் பார்த்து, பிரான்செஸ்கோ கிரிஃபோ இந்த அச்செழுத்தை வெட்டிக் கொடுத்தார். 1501-ல் முழுப் புத்தகமே இதில் வந்தது.

இன்று நூலின் பெயரையும், அழுத்திச் சொல்லும் சொல்லையும் தனித்துக் காட்ட இது உதவுகிறது.

தமிழுக்கு எப்படி?

தமிழில் சாய்வாகவே வரைந்த அச்செழுத்து குறைவு. கணிப்பொறி பெரும்பாலும் நேர் எழுத்தையே சாய்த்துவிடுகிறது. சுழிகள் கோணலாகின்றன.

பத்திரிகையைப் பாட்டியும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டுமே! ஆங்கிலப் பெயர் சாய்ந்திருக்கட்டும். தமிழ்ப் பெயரை நேர் எழுத்திலேயே அச்சடியுங்கள்.