எஞ்சின் நடுவில் அமைந்த கார்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் நான். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்தேன். ஒவ்வோர் ஆண்டும் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தலைக்குமேல் சுழற்றி, மையநோக்கு விசை இன்னதென்று மாணவர்களுக்கு விளக்குவது என் வழக்கம். அப்பாடத்தை நானும் ஐயமறக் கற்றுவிட்டதாகவே எண்ணியிருந்தேன். ஆனால் 2018ஆம் ஆண்டு, இங்கிலாந்தில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நான் அமர்ந்திருந்த கார் ஒரு வட்டச் சந்தியில் பம்பரம்போல் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே நோக்கி நின்றபோது, அப்பாடத்தில் நான் கற்பியாது விட்ட பகுதி ஒன்று உண்டென்று உணர்ந்தேன். அப்பகுதியைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அந்தக் கார் என் மகனுடையது. அவன் அந்நாட்டில் பணிபுரிகிறான். பழைய கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தான். டொயோட்டா நிறுவனத்தார் செய்த எம்.ஆர்.2 என்னும் இரண்டு இருக்கைக் கார் அது, 1991இல் செய்யப்பட்டது. அதன் எஞ்சின் நம் கால்களுக்கு முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னும், பின்சக்கர அச்சுக்கு முன்னுமாக, வண்டியின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது. இவ்வமைப்பில்தான் இன்றைய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1959ஆம் ஆண்டு, ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் அமைந்த கூப்பர் என்னும் பந்தயக் காரை ஓட்டி, ஆஸ்திரேலியரான ஜாக் பிராபாம் உலக வாகையர் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் முன்புறம் எஞ்சின் வைத்த கார்கள் அப்பந்தயக் களத்திலிருந்து மறைந்தன. 1966இல் வெளிவந்த லம்போர்கினி மியூரா இவ்வமைப்பை உடைய சாலைக் கார்; எனினும் அது செல்வந்தர்க்கே உரியதாயிருந்தது. எளியோருக்கும் எட்டும் விலையில் இதைச் செய்ய வழி உண்டா என்று பொறியாளர் சிந்தித்தனர். முன்சக்கரங்களை இயக்கும் சாதாரணக் கார்களில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே தொகுதியாய் இருக்கின்றன அல்லவா? அத்தொகுதியை அப்படியே எடுத்து இருக்கைகளுக்குப் பின்னே வைத்துவிட்டால், புதிதாக எஞ்சின் வடிக்கும் செலவு மிச்சமாகும். 1972இல் வந்த ஃபியட் எக்ஸ் 1/9 என்னும் காரும், 1984இல் வந்த முதல் எம்.ஆர்.2 காரும் இவ்வழியில் பிறந்தவையே. முதல் எம்.ஆர்.2 காரின் 1.6 லிட்டர் எஞ்சின், கொரோலாக் குடும்பக் காரிலும் பயன்பட்ட எஞ்சினேயாகும். 1989இல் இரண்டாம் வடிவம் வந்தது. என் மகனுடைய கார் அவ்வடிவத்தைச் சார்ந்தது.

எஞ்சினை நடுவில் வைப்பதால் விளையும் பயன் யாது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள மூங்கிற்கழியை எடுத்து, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு செங்கல்லைக் கட்டுங்கள். கழியின் நடுவைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாகத் திருப்புங்கள். கை வலிக்கும், திருப்பிய கழியை நிறுத்துவதும் எளிதன்று. இனி அவ்விரு செங்கற்களையும் நடுவை நோக்கிப் பாதித் தூரம் நகர்த்திக் கட்டித் திருப்புங்கள். எடை மாறவில்லை, ஆயினும் கழி நம் சொற்படி கேட்கிறது. காரணம், சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் தயக்கம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் செங்கற்களின் தயக்கம் நான்கில் ஒரு பங்காகிவிடும். இத்தயக்கத்தையே நிலைமத் திருப்புத்திறன் என்று பாடநூல் கூறுகிறது.

காரின் உறுப்புகளுள் மிகக் கனமானது எஞ்சின். அதை நடுவுக்குக் கொணர்ந்தால், ஸ்டியரிங் சக்கரத்தைச் சிறிது அசைத்த மாத்திரத்தில் வண்டி திரும்புகிறது. மலைப்பாதை வளைவுகளில் அதை ஓட்டுவது பெருமகிழ்ச்சி என்று என் மகன் கூறுவான். ஆனால் நண்பர்களே, எளிதில் திரும்பும் பொருள் எளிதில் சுழலவும் செய்யும். மெல்லச் சறுக்கும் வண்டியில் ஓட்டுநருக்குச் சிந்திக்க நேரம் உண்டு. விரைந்து திரும்பும் வண்டியில் அந்நேரம் சுருங்கிவிடுகிறது. நன்மையும் தீமையும் இங்கே வெவ்வேறு அல்ல. ஒரே பண்பின் இரு முகங்கள்.

இனி அம்மாலை நடந்ததைச் சொல்கிறேன். வட்டச் சந்திக்குள் என் மகன் சற்று விரைவாகவே நுழைந்தான். மணிக்கு 40 கிலோமீட்டரில் சுற்றவேண்டிய வளைவை 50 கிலோமீட்டரில் சுற்றினான் என்று கொள்வோம். வேகம் நான்கில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் மையநோக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், டயர்கள் தரவேண்டிய பிடிப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் கூடிவிட்டது. வளைவின் நடுவில் அவனுக்கே அச்சம் தோன்றியது. அச்சம் கொண்ட மனிதன் என்ன செய்வான்? அக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்து, பிரேக்கைத் தொடுவான். என் மகனும் அவ்வாறே செய்தான். மறுகணமே வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசியது. புல்தரையில் ஏறி நின்றோம். யாருக்கும் காயமில்லை, எதிரிலோ அருகிலோ வேறு வண்டியும் இல்லை. அது எங்கள் நல்லூழ் என்றே சொல்லவேண்டும்.

“அப்பா, இந்த வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது” என்றான் அவன்.

அன்றிரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். பேருந்தில் நின்றுகொண்டு செல்கையில் ஓட்டுநர் பிரேக் போட்டால் நாம் முன்னே சாய்கிறோம். அதுபோன்றே காரின் சுமையும் பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. அவ்வண்டியின் எடை சுமார் 1250 கிலோகிராம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அஃதாவது அச்சிடைத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவுக்கு வேகத்தைத் தணித்தால், பாதியில் ஐந்தில் ஒன்று, அதாவது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, 125 கிலோகிராம் முன்னே சென்றுவிடும். எஞ்சின் பின்னே இருப்பதால் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, ஏறத்தாழ 710 கிலோகிராம், பின்சக்கரங்களின்மீது இருந்தது. அது 585 ஆகக் குறைந்தது. கனமான பின்பகுதியை வளைவில் தாங்கிப் பிடிக்கவேண்டிய டயர்கள், தேவை மிகுந்த அந்த நொடியிலேயே தம் பிடிப்பை இழந்தன. முன்டயர்களோ கூடுதல் பிடிப்புப் பெற்று வண்டியின் மூக்கை உள்ளே இழுத்தன. வண்டி சுழலாமல் வேறென்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. டயரின் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போன்றது. ஒரு செலவுக்குக் கொடுத்தது மறு செலவுக்கு எஞ்சாது. காலை எடுத்தவுடன் எஞ்சின் தன் இழுப்பால் பின்சக்கரங்களை மட்டும் தடுக்க முயல்கிறது. அதற்கே பிடிப்பின் ஒரு பகுதி செலவாகிவிட்டால், வளைவுக்கு மீதமிருப்பது குறைவே.

மறுநாட் காலை வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். பின்டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது. பார்ப்பதற்குப் புதியனபோல் தோன்றின. ஆனால் டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருந்தன: 1407. முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2007ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் பிறந்த டயர்கள் அவை. பதினோராண்டு முதுமையில் ரப்பர் இறுகிப்போய், நகத்தால் அழுத்தினாலும் பதியாத நிலையில் இருந்தது. முன்டயர்களோ சென்ற ஆண்டு வாங்கியவை. முன்னே இளமையும் பின்னே முதுமையுமாக அவ்வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு பகுதி பராமரிப்பிலும், மறு பகுதி ஓட்டுநரின் காலிலும் இருந்தது.

என் மகன் அப்பொழுது வண்டியின் ஆற்றலைப் பெருக்கவே பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய 2 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 160 குதிரைத்திறன் உடையது. அதை நீக்கிவிட்டு, அவ்வகைக் காரின் டர்போ எஞ்சினைப் பொருத்த வேண்டும் என்பது அவன் ஆசை. அமெரிக்காவில் விற்பனையான டர்போ வண்டிகளுக்கு 200 குதிரைத்திறன் இருந்தது. நான் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். “இந்தக் காரைச் செய்தவர்களே பின்னாளில் இதைத் திருத்தினார்களே, வளைவில் இது அடங்கி நடப்பதற்காக எதை மாற்றினார்கள் என்று பார்த்தாயா?”

இருவரும் தேடிப் படித்தோம். திடீரென்று பின்புறம் வீசுகிறது என்ற குறை, முதலில் வந்த வண்டிகளின்மீது பலரால் கூறப்பட்டது. 1992ஆம் ஆண்டளவில் நிறுவனத்தார் பின்புறச் சஸ்பென்ஷனின் அமைப்பைத் திருத்தினர். 14 அங்குலச் சக்கரங்களுக்குப் பதில் 15 அங்குலச் சக்கரங்களை அளித்தனர். பிரேக்குகளையும் பெரிதாக்கினர். இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. முன்டயரின் அகலம் 195 மில்லிமீட்டராகவே இருந்தது. பின்டயரின் அகலம் மட்டும் 205இலிருந்து 225 ஆயிற்று. எங்கே பிடிப்பு முதலில் தீர்கிறதோ, அங்கே பிடிப்பைச் சேர்த்தனர். இதுவே திருத்தத்தின் இலக்கணம்.

இவ்விலக்கணத்தின்படி நாங்கள் ஒரு வரிசை வகுத்தோம். முதலாவது, டயர்கள்: நான்கும் ஒரே வகையினவாகவும் புதியனவாகவும் இருத்தல் வேண்டும், காற்றழுத்தம் முன்னுக்கும் பின்னுக்கும் குறித்த அளவில் நிற்க வேண்டும். பிந்திய வடிவத்தின் 15 அங்குலச் சக்கரங்களையே, முன்னும் பின்னும் அவற்றிற்குரிய டயர்களோடு, அவன் வாங்கிப் பொருத்தினான். இரண்டாவது, சஸ்பென்ஷன் மூட்டுகளில் நைந்துபோன ரப்பர் புஷ்களையும், வலுவிழந்த ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுதல். மூட்டு தளர்ந்திருந்தால், சுமை மாறும்பொழுது பின்சக்கரம் தானாகவே திசை மாறும். ஓட்டுநர் கேளாமலே பின்புறத்தில் இன்னொருவர் ஸ்டியரிங் பிடிப்பது போன்றது அது. மூன்றாவது, வீல் அலைன்மென்ட். நான்காவது, பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கூடக்கூட அதன் கொதிநிலை தாழும். கொதித்து ஆவியானால் பிரேக் மிதி பயனின்றி உள்ளே இறங்கிவிடும்.

வேண்டாதன எவை என்பதையும் குறித்துக்கொண்டோம். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துதல் கூடாது. சக்கரங்களின் கோணங்கள் கெட்டு, மேடு பள்ளங்களில் டயர் தரையை விட்டெழும். முன்டயரை மட்டும் அகலமாக்குதலும், பின்புறத்துச் சாய்வுத் தடுப்புத் தண்டை மட்டும் தடித்ததாக மாற்றுதலும் கூடா. இரண்டும் பின்சறுக்கலை வளர்ப்பவை. ஆற்றலைப் பெருக்குவது வரிசையின் கடைசியில் எழுதப்பட்டது.

அதற்கு முன்னதாக நான் ஒன்றைச் சேர்த்தேன்: ஓட்டுநர். தளத்தில் நீர் பாய்ச்சிச் சறுக்கலைப் பழக்கும் பயிற்சிக் களம் ஒன்றிற்கு அவன் சென்றான். அங்கே கற்றது மூன்று செய்திகள்தாம். வளைவுக்கு முன்னரே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் காலைச் சட்டென்று எடாமல், அக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்திருத்தல் வேண்டும். பின்புறம் சறுக்கினால், போகவேண்டிய திசையைப் பார்த்து, சறுக்கும் பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இவற்றை ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். ஆனால் அச்சம் வந்த நொடியில் கால் அவ்வாறு செய்வதற்கு, அன்று நாள் முழுவதும் பழக வேண்டியிருந்தது.

திரும்பி வந்தவன் என்னிடம் சொன்னான்: “அப்பா, பழைய எஞ்சினின் ஆற்றலையே நான் இன்னும் முழுதும் பயன்படுத்தத் தெரிந்துகொள்ளவில்லை.” டர்போவுக்கென்று சேர்த்த பணத்தில் மீதி இருந்தது, அந்த எஞ்சின் இன்றளவும் மாற்றப்படவில்லை.

நண்பர்களே, அவன் பள்ளியில் என்னிடமே படித்தவன். மையநோக்கு விசைக் கணக்குக்கு முழு மதிப்பெண் பெற்றவன். அப்பாடம் தாளில் இருந்தது, காலுக்கு இறங்கவில்லை. அக்குறையில் பாதி ஆசிரியனாகிய என்னுடையது. கல்லைச் சுழற்றிக் காட்டிய நான், கயிறு எப்பொழுது அறும் என்று ஒருநாளும் காட்டியதில்லை. உங்களுள் பலர் இத்தகைய காரில் என்றும் அமராது போகலாம். எனினும் இருசக்கர வண்டியேனும் ஓட்டப் போகிறீர்கள். இன்று மாலையே அவ்வண்டியின் அருகே சென்று, டயரின் பக்கச் சுவரிலுள்ள அந்நான்கு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். என் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.