பள்ளி வாசலில் துப்பாக்கி வேண்டுமா?

"ஃபாதர், பேங்க் வாசல்ல துப்பாக்கியோட ஆள் நிக்கிறாரு. பணத்துக்கு இருக்கிற காவல் நம்ம பிள்ளைங்களுக்கு வேணாமா?"

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஆம்பூர் பக்கத்துப் பங்கு ஒன்றின் அன்பியக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவர் அவர். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கூட்டத்துக்கு வந்திருந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், நவம்பர் 20ஆம் நாள், தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில் 26 வயது ஆசிரியை ஒருவர், பள்ளி வளாகத்திலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். ஆசிரியர் சங்கங்கள் பணிப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று குரல் எழுப்பின. ஆயுதம் ஏந்திய காவலர் வேண்டும் என்ற பேச்சும் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

அந்தத் தாயின் கேள்வியைச் சிரித்து ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையைக் காலையில் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, நாள் முழுதும் தையல் மெஷின் முன் உட்காருகிறவர் அவர். மாலை வரை அந்தப் பிள்ளை நம் பொறுப்பில் இருக்கிறது. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர்கள் அந்த உயிரைக் காப்பது உரிமை மட்டுமல்ல, கனத்த கடமையும் ஆகும் என்றே திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. ஆகவே, "நாங்கள் அமைதியை விரும்புகிறவர்கள், எங்களுக்குக் காவல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆள் கிடைப்பதும் நம் பகுதியில் கடினம் அல்ல. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் பணி செய்தவர்கள் அங்கே உண்டு. ஓய்வு பெற்ற ராணுவத்தினர் வங்கிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் காவல் நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களுடைய ஒழுங்கையும் நேர்மையையும் நாம் குறைத்துப் பேசவில்லை. நாம் பார்க்கவேண்டியது வேறு. இதுவரை நம் மாநிலத்துப் பள்ளிகளுக்குள் ஆயுதம் கொண்டு வந்தவர்கள் யார்?

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், சென்னை அர்மேனியன் தெருவில் உள்ள புனித மரியாள் ஆங்கிலோ இந்தியப் பள்ளியில் ஆசிரியை ஒருவர் தம் வகுப்பறையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். நம்முடைய கத்தோலிக்கப் பள்ளி, நம்முடைய பிள்ளை. அவனுடைய படிப்பைப் பற்றி ஆசிரியை டைரியில் எழுதி அனுப்பிய குறிப்புகளே அவன் ஆத்திரத்துக்குக் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டில் இருந்தபோது வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் அவரோடு படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து சக மாணவனை வெட்டினான். குறுக்கே வந்த ஆசிரியையும் காயமடைந்தார்.

இவர்களில் ஒருவரையாவது வாசலில் நிற்கும் துப்பாக்கி தடுத்திருக்குமா? சீருடை அணிந்து, பையைத் தோளில் போட்டு, "குட் மார்னிங் அண்ணா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகிறவனைக் காவலர் எப்படித் தடுப்பார்? ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்கலாம்தான். ஆனால் அதற்குத் துப்பாக்கி தேவையில்லையே! நம் ஊரில் தோல் வெட்டும் கத்தி எத்தனையோ வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை ஒரு பிள்ளை எடுத்துப் பைக்குள் வைக்கிற காலை நேரத்தில், அவன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அறிந்த ஒருவர் வேண்டும்.

நம் பக்கத்திலேயே நடந்ததையும் நினைத்துப் பார்ப்போம். 2022 ஏப்ரலில் ஆம்பூரை அடுத்த மாதனூர் அரசு மேல்நிலைப் பள்ளியில், ரெக்கார்டு நோட்டு கேட்ட ஆசிரியரை ஒரு மாணவன் அடிக்கப் பாய்ந்த காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்தோம். மூன்று மாணவர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். அதே மாதத்தில் வேலூர் தொரப்பாடி அரசுப் பள்ளியில் மாணவர்கள் மேசை நாற்காலிகளை அடித்து நொறுக்கிய காட்சியும் வந்தது. கொரோனாவால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பள்ளியை மறந்திருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த வகுப்பறைகளுக்குள் துப்பாக்கியோடு ஒருவர் நுழைந்திருந்தால் அதை யார் மேல் நீட்டியிருப்பார்? பதினேழு வயதுப் பையன் மேல்தான். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பல ஆண்டுகளாகவே எழுந்து வருகிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதக் காவலர் வேண்டும் என்று அங்குள்ள துப்பாக்கிச் சங்கம் சொன்னது. 2018இல் பார்க்லேண்ட் பள்ளியில் அப்படி ஒரு காவலர் இருக்கத்தான் செய்தார். 17 பேர் கொல்லப்பட்டார்கள். அவர் கட்டடத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். 2022 மே 24இல் உவால்டியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அங்கே வந்து சேர்ந்த காவலர்கள் மொத்தம் 376 பேர். கொலையாளி இருந்த அறைக்குள் அவர்கள் நுழைய 77 நிமிடங்கள் ஆயின. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் நாஷ்வில்லில் காவலர்கள் தாமதிக்காமல் உள்ளே போய்க் கொலையாளியை வீழ்த்தினார்கள். அதற்குள் மூன்று பிள்ளைகளும் மூன்று பெரியவர்களும் இறந்திருந்தார்கள் என்பதும் உண்மை.

பாகிஸ்தானின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2014 டிசம்பர் 16இல் பெஷாவர் ராணுவப் பள்ளியில் 130க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே அந்த மாகாணத்தில் ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டே ஸ்வாத் பகுதிப் பள்ளி ஒன்றில், ஓர் ஆசிரியரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து 12 வயது மாணவன் இறந்தான். பயங்கரவாதி வந்தால் சுடுவதற்காக வைத்திருந்த துப்பாக்கி அது.

இலங்கையில் 2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. மே மாதத் தொடக்கத்தில் அரசுப் பள்ளிகள் திறந்தபோது ராணுவமும் காவல்துறையும் ஒவ்வொரு பள்ளியையும் சோதித்தன. பைகளைச் சோதிக்கப் பெற்றோரும் வாசலில் நின்றார்கள். இருந்தும் முதல் நாளில் வந்த பிள்ளைகள் மிகச் சிலரே. கத்தோலிக்கப் பள்ளிகளோ அப்போது திறக்கப்படவே இல்லை. போர் போன்ற சூழலில், சிறிது காலத்துக்கு ஆயுதக் காவல் தேவைப்படலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் இன்று அந்த நிலையில் இல்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. 2015 ஜூன் 27 இரவை ஆம்பூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காவல்துறை விசாரணைக்குப் போய்வந்த இளைஞர் ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் வெடித்தது. பேருந்துகளும் காவல் வாகனங்களும் தாக்கப்பட்டன. பெண் காவலர்கள் உட்படப் பலர் காயமடைந்தார்கள். அந்த இரவை ஒரு வீட்டில் ஒருவிதமாகவும், அடுத்த தெருவில் வேறுவிதமாகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிகளில் இந்த இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மதிய உணவு சாப்பிடுகிற இடம் அது. துப்பாக்கி ஏந்திய சீருடை ஒரு பிள்ளைக்குத் துணையாகத் தெரியும், அடுத்த பிள்ளைக்கு அச்சமாகத் தெரியும்.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவிடம் வாள் இருந்தது. அன்பும் துணிவும்கூட இருந்தன. ஆனால் அந்த வாள் யூதாசையும் தொடவில்லை, படைத்தலைவனையும் தொடவில்லை. ஏவலுக்கு வந்த மால்கு என்ற பணியாளரின் காதுதான் அறுந்தது. ஆண்டவர் வாளை உறையில் போடச் சொன்னார், காதையும் குணமாக்கினார். அவசரத்தில் ஓங்கும் ஆயுதம் பெரும்பாலும் தவறான ஆளையே தாக்குகிறது.

அப்படியானால் வாசலில் ஆளே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மல்லிப்பட்டினத்தில் கொலை செய்தவர் வெளியாள். பள்ளிக்குள் நடந்தே வந்துவிட்டார். உள்ளே வருபவர் யார், யாரைப் பார்க்க வந்தார் என்று கேட்டு, நோட்டில் எழுதி, அலுவலகத்தில் உட்காரவைக்கும் ஒரு வாட்ச்மேன் இருந்தால் நிலைமை மாறக்கூடும். 2025 ஆகஸ்ட் 27இல் மின்னியாபொலிஸ் நகர மங்கள வார்த்தை ஆலயத்தில் பள்ளித் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது, வெளியிலிருந்து ஒருவர் சன்னல் வழியாகச் சுட்டதில் இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். திருப்பலி தொடங்கியதும் கதவுகளைப் பூட்டிவிடும் வழக்கம் அங்கே இருந்ததால் இன்னும் பல உயிர்கள் தப்பின என்றார்கள். திருத்தந்தை பதினான்காம் லியோ அந்த ஞாயிறு மூவேளை செபத்தின்போது, ஆயுதங்கள் கொள்ளைநோயாய்ப் பரவியிருப்பதைச் சொல்லி, அது நிற்க மன்றாடினார்.

ஆனால் கதவு உள்ளிருந்து எளிதாகத் திறக்கவும் வேண்டும். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகியபோது அவர்களைக் கொன்றதில் கீற்றுக் கொட்டகைக்கு மட்டுமல்ல, வெளியேற வழி இல்லாத கட்டடத்துக்கும் பங்கு உண்டு. பாதுகாப்பு என்றதும் பூட்டை மட்டும் நினைக்கும் தாளாளர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்தால் நல்லது. வாட்ச்மேனையும், பள்ளி வேன் ஓட்டுநரையும் வேலைக்குச் சேர்க்குமுன் காவல்துறையில் விசாரித்துச் சான்று வாங்குவதும் அவசியம். காக்க வந்தவரே பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த கதைகள் உலகில் குறைவில்லை. நம் திருச்சபையே இந்தப் பாடத்தைக் கண்ணீரோடு கற்கவேண்டியதாயிற்று.

துப்பாக்கிக் காவலர் ஒருவருக்கு மாதாமாதம் கொடுக்கவேண்டிய சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும் நிர்வாகங்களிடம் நாம் சொல்வது இதுதான்: அந்தப் பணத்தில் பிள்ளைகள் பேசுவதைக் கேட்க ஓர் ஆளை வையுங்கள். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கைகளில் கட்டும் வண்ணக் கயிறு பற்றி ஊரெல்லாம் விவாதித்தோம். இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி இருக்கிறது. 1098, 14417 என்ற எண்களில் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேசலாம். இந்த இரண்டு எண்களும் நம் பள்ளிகளின் சுவரில் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா?

காட்பாடியிலும் திருப்பத்தூரிலும் சலேசியர்களை அறிந்த நமக்குத் தூய ஜான் போஸ்கோ அந்நியர் அல்லர். தூரின் நகரச் சிறைகளில் சிறுவர்களைக் கண்டு கலங்கியவர் அவர். சிறைக்கு வருமுன் இவர்களுக்கு ஒரு நண்பன் இருந்திருந்தால் என்ற எண்ணத்திலிருந்துதான் அவருடைய பணி வளர்ந்தது. 1877இல் தம் தடுப்பு முறைக் கல்வியைப் பற்றி எழுதியபோதும் பிள்ளைகள் நடுவிலேயே இருக்கும் ஆசிரியரைத்தான் அவர் வலியுறுத்தினார். விளையாட்டுத் திடலில், வராண்டாவில், பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் உடன் இருக்கவேண்டும். ஒரு பையன் இரண்டு நாளாக யாரோடும் பேசாமல் இருந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

இவற்றில் சிலவற்றை அன்றைய அன்பியக் கூட்டத்தில் சுருக்கமாகப் பேசினோம். அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"சரி ஃபாதர், துப்பாக்கி வேணாம். ஸ்கூல் நாலேகாலுக்கு விட்டுடுது. நான் கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்க ஏழாவுது. நடுவுல என் பையன் யார்கூட இருக்கான்னு எனக்குத் தெரியல."

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்த பெண்களில் பாதிப்பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள். பங்குத்தந்தை, அந்த நேரத்தில் பங்கு மண்டபம் எத்தனை நாள் சும்மா பூட்டிக் கிடக்கிறது என்று உபதேசியாரைக் கேட்டார். கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது என்றார் அவர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், திங்கள், புதன், வெள்ளி தம்மால் வர முடியும் என்றார். மீதி இரண்டு நாளுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது.