கமிஷன் இல்லை என்றால் செலவே இல்லையா? கனடாவில் இன்டர்நெட் வழி பங்கு முதலீடு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, பேங்க் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கப் பழகி விட்டீர்களா? அடுத்து பலரும் கேட்கும் கேள்வி இதுதான்: "மாதா மாதம் மிச்சமாகும் பணத்தை இதே கம்ப்யூட்டர் வழியாகப் பங்குகளில் போடலாமா? எந்த வெப்சைட் மலிவு?" ஸ்கார்பரோ, மார்க்கம், மிசிசாகா, மான்ட்ரியல் என்று கனடாவில் குடியிருக்கும் நம் வாசகர்களுக்காக இந்தக் கட்டுரை.

"கமிஷன் 0 டாலர்" என்ற விளம்பரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது பொய் இல்லை. ஆனால் ஒரு சேவை இலவசம் என்றால், அதை நடத்துபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்ப்பது சாப்ட்வேர் எழுதும் எங்களைப் போன்றோரின் வழக்கம். அப்படித் தேடினால், எது மலிவு என்பது வெப்சைட்டை மட்டும் பொறுத்ததல்ல, நீங்கள் எதை வாங்கப் போகிறீர்கள் என்பதையும் பொறுத்தது என்று தெரியவரும்.

இது எப்படி இயங்குகிறது?

டொரண்டோ பங்குச் சந்தையில் நீங்கள் நேரடியாகப் பங்கு வாங்க முடியாது. நடுவில் ஒரு புரோக்கர் நிறுவனம் தேவை. முன்பு போன் செய்து ஆர்டர் கொடுத்தார்கள். இப்போது அதே ஆர்டரை பிரவுசரிலோ மொபைல் போனிலோ நீங்களே டைப் செய்கிறீர்கள். ஆலோசனை சொல்ல ஆள் இல்லை என்பதால் கட்டணம் குறைவு. முடிவும் அதன் விளைவும் முழுக்க உங்களுடையவை.

யார் எவ்வளவு வாங்குகிறார்கள்?

பெரிய பேங்குகளின் தளங்கள் ஒரு வகை. ஆர்.பி.சி. டைரக்ட் இன்வெஸ்டிங், டி.டி. டைரக்ட் இன்வெஸ்டிங், பி.எம்.ஓ. இன்வெஸ்டர்லைன், ஸ்கோஷியா ஐடிரேட் ஆகியவை பல ஆண்டுகளாக ஒரு ஆர்டருக்கு 9.95 அல்லது 9.99 டாலர் வாங்கி வந்தன. சி.ஐ.பி.சி. இன்வெஸ்டர்ஸ் எட்ஜ் 6.95 டாலர் வாங்கியது. போட்டி காரணமாகச் சில கணக்குகளுக்கும் சில பண்டுகளுக்கும் சலுகைகள் வந்துள்ளன.

கமிஷன் இல்லாத தளங்கள் இரண்டாவது வகை. வெல்த்சிம்பிள் 2019ல் இதைப் பொதுமக்களுக்குக் கொண்டு வந்தது. 2021ல் நேஷனல் பேங்க் டைரக்ட் புரோக்கரேஜும் டெஜார்டான் நிறுவனமும் ஆன்லைன் ஆர்டர்களுக்குக் கமிஷனை நீக்கின. 1999ல் தொடங்கிய குவெஸ்ட்ரேட் 2025 பிப்ரவரியில் இதே வழிக்கு வந்தது.

மூன்றாவது, இன்டர்ஆக்டிவ் புரோக்கர்ஸ். இங்கே கமிஷன் உண்டு, ஆனால் மிகக் குறைவு. கனடிய பங்கு ஒன்றிற்கு 1 சென்ட், ஒரு ஆர்டருக்குக் குறைந்தது 1 டாலர் என்பது இதன் வழக்கமான கட்டணம். திரை முழுக்க எண்களும் பட்டன்களும் நிறைந்த இதன் சாப்ட்வேர் புதியவர்களைக் கொஞ்சம் மிரட்டும்.

ஒரு சின்னக் கணக்கு

மாதம் 200 டாலர் முதலீடு செய்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 2,400 டாலர். ஒவ்வொரு முறையும் 9.95 டாலர் கமிஷன் கொடுத்தால் ஆண்டுக்கு 119.40 டாலர் போய்விடும். போட்ட பணத்தில் ஏறக்குறைய 5 சதவீதம். பங்கு 5 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். 1 டாலர் கட்டணம் என்றால் இதே செலவு 12 டாலர்தான். கமிஷன் இல்லாத தளத்தில் செலவு இல்லை.

ஆனால் 20,000 டாலரை ஆண்டுக்கு ஒரே ஒரு முறை போடுபவருக்கு 9.95 டாலர் ஒரு பொருட்டே அல்ல. சிறு தொகையை அடிக்கடி போடுபவருக்குத்தான் கமிஷன் முக்கியம்.

கண்ணில் படாத கட்டணம்

கனடிய முதலீட்டாளர்கள் பலர் ஆப்பிள், மைக்ரோசாப்ட் போன்ற அமெரிக்கப் பங்குகளை வாங்க விரும்புகிறார்கள். அதற்குக் கனடிய டாலரை அமெரிக்க டாலராக மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தில்தான் கட்டணம் ஒளிந்திருக்கிறது. வெல்த்சிம்பிள், குவெஸ்ட்ரேட் போன்றவற்றில் இது சுமார் 1.5 சதவீதம். பேங்குகளும் இதேபோல் மாற்று விகிதத்திலேயே தங்கள் பங்கைச் சேர்த்து விடுகின்றன. பில்லில் தனி வரியாகக் கண்ணில் படாமல் போகலாம்.

5,000 டாலருக்கு அமெரிக்கப் பங்கு வாங்கினால் 75 டாலர் இப்படிப் போகும். அதே விலைக்கு விற்றுக் கனடிய டாலராக மாற்றினால் இன்னொரு 74 டாலர். "கமிஷன் 0" என்று திரையில் தெரிந்தாலும் மொத்தச் செலவு ஏறக்குறைய 149 டாலர். இன்டர்ஆக்டிவ் புரோக்கர்ஸில் இந்த அளவுத் தொகையை ஒரு முறை மாற்றக் குறைந்தபட்சக் கட்டணமான 2 அமெரிக்க டாலர்தான் ஆகும். கமிஷன் வாங்கும் தளம் இங்கே மலிவாகி விடுகிறது.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் கமிஷன் இல்லாத புரோக்கர்கள், வாடிக்கையாளரின் ஆர்டர்களைப் பெரிய வர்த்தக நிறுவனங்களுக்கு அனுப்பி, அதற்காக அவர்களிடம் பணம் பெறுகிறார்கள். கனடிய சந்தைகளில் பட்டியலிட்ட பங்குகளுக்கு இதற்கு அனுமதி இல்லை. எனவே இங்குள்ளவர்களுக்கு நாணய மாற்றும், கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தின் வட்டியும் முக்கிய வருமானங்கள்.

தப்பிக்க வழி உண்டா? உண்டு. அமெரிக்க டாலரை அப்படியே வைத்திருக்க அனுமதிக்கும் கணக்கை எடுத்தால், ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் மாற்ற வேண்டியதில்லை. அல்லது டொரண்டோ சந்தையில் கனடிய டாலரிலேயே கிடைக்கும் இ.டி.எப். வாங்கலாம்.

இ.டி.எப். என்றால்?

பல நூறு நிறுவனங்களின் பங்குகளை ஒரே கட்டாகக் கட்டி, ஒரு பங்கைப் போலச் சந்தையில் விற்பதுதான் இ.டி.எப். கனடா, அமெரிக்கா, பிற நாடுகள் என எல்லாப் பங்குகளும் அடங்கிய இ.டி.எப்.கள் உள்ளன. பிளாக்ராக் நிறுவனத்தின் எக்ஸ்.இ.க்யூ.டி. 2019ல் வந்தது. இதன் ஆண்டுச் செலவு சுமார் 0.20 சதவீதம். 10,000 டாலருக்கு ஆண்டுக்கு 20 டாலர். பேங்க் கிளையில் விற்கும் பங்கு மியூச்சுவல் பண்டுகள் பலவற்றில் செலவு 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதே 10,000 டாலருக்கு 200 டாலர், அதுவும் ஆண்டுதோறும். கமிஷனில் மிச்சம் பிடித்து இங்கே கோட்டை விடாதீர்கள்.

எந்தக் கணக்கைத் திறப்பது?

தளத்தில் பதிவு செய்யும்போது எந்த வகைக் கணக்கு என்று கேட்கும். அவசரப்பட்டு கிளிக் செய்யாதீர்கள்.

டி.எப்.எஸ்.ஏ.: 2009ல் வந்தது. இதில் வரும் லாபத்திற்குக் கனடாவில் வரி இல்லை. 2024, 2025 ஆண்டுகளில் வரம்பு தலா 7,000 டாலர். பயன்படுத்தாத வரம்பு அடுத்த ஆண்டுக்குச் சேரும். வரம்பைத் தாண்டினால் அதிகமான தொகைக்கு மாதம் 1 சதவீதம் வரி விதிப்பார்கள். புதிதாகக் குடியேறியவருக்கு, கனடாவில் வசிக்கத் தொடங்கிய ஆண்டிலிருந்துதான் வரம்பு கணக்காகும்.

ஆர்.ஆர்.எஸ்.பி.: ஓய்வுக் காலத்திற்கானது. போடும் தொகை அந்த ஆண்டு வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். எடுக்கும்போது வரி உண்டு. அமெரிக்கப் பங்குகளின் டிவிடெண்டில் 15 சதவீதத்தை அமெரிக்க அரசு பிடித்துக் கொள்ளும். இந்தக் கணக்கில் நேரடியாக வைத்திருந்தால் அந்தப் பிடித்தம் இல்லை. டி.எப்.எஸ்.ஏ.வில் உண்டு.

எப்.எச்.எஸ்.ஏ.: முதல் வீடு வாங்குவோருக்கு 2023ல் வந்தது. ஆண்டுக்கு 8,000, மொத்தம் 40,000 டாலர் வரை.

ஆர்.இ.எஸ்.பி.: குழந்தைகளின் மேற்படிப்பிற்கு. ஆண்டுக்கு 2,500 டாலர் போட்டால் அரசு 20 சதவீதம், அதாவது 500 டாலர் சேர்க்கிறது.

நீங்கள் பார்க்கும் தளத்தில் உங்களுக்கு வேண்டிய கணக்கு வகை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு தளம் மாற நினைத்தால், பணத்தை வெளியே எடுக்காமல் கணக்கிலிருந்து கணக்கிற்கே மாற்றச் சொல்ல வேண்டும். பல நிறுவனங்கள் இதற்குச் சுமார் 150 டாலர் வாங்குகின்றன. புதிய நிறுவனம் பல நேரங்களில் அதைத் திருப்பித் தருகிறது. கேட்டுப் பெறுங்கள்.

பணம் பத்திரமா?

கனடாவில் புரோக்கர்களைக் கண்காணிக்கும் அமைப்பு சி.ஐ.ஆர்.ஓ. முன்பிருந்த இரண்டு அமைப்புகள் 2023ல் ஒன்றாகி இது உருவானது. இதில் உறுப்பினரான புரோக்கர் திவாலானால், சி.ஐ.பி.எப். என்ற பாதுகாப்பு நிதி, தகுதியுள்ள ஒருவரின் பொதுக் கணக்குகளுக்கு 10 லட்சம் டாலர் வரையும், ஓய்வுக் காலக் கணக்குகளுக்குத் தனியாக 10 லட்சம் டாலர் வரையும் ஈடு தரும். பங்கு விலை இறங்கி வரும் நஷ்டத்திற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எந்தத் தளமானாலும் பணம் போடும் முன் சி.ஐ.ஆர்.ஓ. வெப்சைட்டில் உள்ள உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், எவ்வளவு லாபம் காட்டினாலும் விலகி விடுங்கள்.

கம்ப்யூட்டரில் கவனிக்க வேண்டியவை

1. முகவரியை நீங்களே டைப் செய்து, புக்மார்க்கில் வைத்துக் கொள்ளுங்கள். இமெயிலில் வரும் லிங்க் வழியாக லாக் இன் செய்ய வேண்டாம். தேடலில் முதலில் வரும் விளம்பரமும் போலியாக இருக்கலாம்.

2. இந்தக் கணக்கிற்கென்று தனி பாஸ்வேர்ட் வையுங்கள். மொபைலுக்கு வரும் இரண்டாவது குறியீட்டு வசதியைக் கட்டாயம் இயக்குங்கள்.

3. "உதவுகிறேன், டீம்வியூவர் அல்லது எனிடெஸ்க் போட்டுக் கொள்ளுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால் உடனே துண்டித்து விடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரை அவர் கையில் கொடுப்பதற்குச் சமம் அது.

4. பிள்ளையிடமோ நண்பரிடமோ பாஸ்வேர்டைக் கொடுத்து "நீயே வாங்கிப் போடு" என்று சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. இதைத் தவிருங்கள். ஏதாவது தவறு நடந்தால் ஈடு கேட்கும் வழியே அடைபட்டுப் போகலாம். உதவி தேவையென்றால், வேறொருவர் கணக்கைக் கையாள அனுமதி தரும் படிவம் இருக்கிறதா என்று நிறுவனத்தைக் கேளுங்கள்.

முதல் ஆர்டர்

சந்தை டொரண்டோ நேரப்படி காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை. ஆர்டர் திரையில் மார்க்கெட், லிமிட் என்று இரண்டு வகை இருக்கும். மார்க்கெட் என்றால் கிடைத்த விலைக்கு வாங்கும். லிமிட் என்றால் நீங்கள் குறிப்பிட்ட விலைக்கு மேல் போகாது. புதியவர்கள் லிமிட் வகையையே பயன்படுத்துங்கள். உறுதி செய்யும் பட்டனை அழுத்தும் முன் பங்கின் குறியீடு, எண்ணிக்கை, நாணயம் மூன்றையும் படியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மாதா மாதம் சிறு தொகையைக் கனடிய டாலர் இ.டி.எப்.பில் போடுபவருக்குக் கமிஷன் இல்லாத தளம் பொருந்தும். அமெரிக்கப் பங்குகளை அடிக்கடி வாங்கி விற்பவர், நாணய மாற்றுக் கட்டணத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பேங்க் கிளையில் நேரில் போய்க் கேட்டால்தான் மனம் நிம்மதியாகும் என்பவர், பெரிய தொகையை எப்போதாவது போடுபவராக இருந்தால், பேங்க் தளத்தையே வைத்துக் கொள்ளலாம்.

கட்டணங்கள் அடிக்கடி மாறும். எனவே பதிவு செய்யும் முன் அந்தத் தளத்தின் கட்டணப் பக்கத்தைத் திறந்து, ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள்: கமிஷன், நாணய மாற்று, ஆண்டுக் கட்டணம், வெளியேறும் கட்டணம். நீங்கள் ஓராண்டில் செய்யப் போகும் ஆர்டர்களுக்கு இவற்றைக் கூட்டிப் பாருங்கள். எந்தத் தளத்தின் மொத்தம் குறைவோ, உங்களுக்கு அதுவே மலிவான தளம்.