காசநோய்க் கிருமியின் தற்காப்பு

உடலுள் நுழையும் காசநோய்க் கிருமிகளை நுரையீரலிலுள்ள விழுங்கு செல்கள் விழுங்கிவிடுகின்றன. மிகப் பல பாக்டீரியாக்களுக்கு அதுவே முடிவாகும். இச்செல்கள் ஆக்ஸிஜனிலிருந்து சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றை உண்டாக்கிக் கிருமியின் புரதங்களையும் மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. ஆயினும், 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்த காசநோய்க் கிருமி இத்தாக்குதலைத் தாங்கிப் பிழைக்க வல்லது.

இதற்கு மூன்று அரண்கள் துணைபுரிகின்றன. முதலாவது, மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள் செறிந்த தடித்த உறை. இரண்டாவது, நொதிகள். சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. கேட்டலேஸ்-பெராக்சிடேஸ் என்னும் நொதி அதனை நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கிறது. மூன்றாவது, மைக்கோதயால் என்னும் கந்தகச் சேர்மம். மனித செல்களில் குளுட்டாதயோன் ஆற்றும் பணியைக் கிருமிக்குள் இது ஆற்றுகிறது.

விந்தை யாதெனில், இரண்டாம் அரணே கிருமிக்குப் பகையாகவும் அமைகிறது. 1952 முதல் பயன்பட்டுவரும் ஐசோனியசிட் மருந்து தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. கேட்டலேஸ்-பெராக்சிடேஸ் அதனை மாற்றியமைத்த பின்னரே அது கிருமியின் உறை உருவாவதைத் தடுக்கிறது. இந்நொதிக்குரிய மரபணுவை இழந்த கிருமியிடம் மருந்து பயனற்றுப்போவது 1992-இல் மெய்ப்பிக்கப்பட்டது. அத்தகைய கிருமி மருந்துக்குத் தப்பினும் பெராக்சைடுக்கு எளிதில் இலக்காகும். ஆனால், நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் வகையில், நொதியின் ஒரே ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கிறது. அந்நொதி மருந்தைச் செயற்படுத்தத் தவறுகிறது. காவற்பணியையோ பெருமளவு கைவிடுவதில்லை.

மருந்தை இடையில் நிறுத்தினால் இத்தகைய கிருமிகளே எஞ்சிப் பெருகும். கூட்டு மருந்துகளைக் குறித்த காலம் முழுவதும் உட்கொள்வதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.