டிராகுலாவுக்குக் காதல் தைத்துக் கொடுத்தவர்கள்

டிராகுலா என்றதும் உங்கள் மனக்கண்ணில் வருவது யார்? கறுப்பு அங்கி, படிய வாரிய தலை, பெண்ணின் கழுத்தை ஏக்கத்தோடு பார்க்கும் கண்கள். சரிதானே? இப்போது 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் நாவலைத் திறந்து பாருங்கள். நீண்ட வெள்ளை மீசையோடு ஒரு கிழவர் கோட்டைக் கதவைத் திறக்கிறார். உள்ளங்கையில் முடி. கிட்டே வந்தால் குமட்டவைக்கும் மூச்சு! ரத்தம் குடிக்கக் குடிக்க அவருக்கு இளமை திரும்புகிறதே தவிர, காதல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மயக்கும் வேலையெல்லாம் கோட்டையில் இருக்கும் மூன்று ரத்தக்காட்டேரிப் பெண்களுடையது. தனக்கும் நேசிக்கத் தெரியும் என்று அவர்களிடம் ஒரே ஒரு முறை முணுமுணுக்கிறார் டிராகுலா பிரபு, அவ்வளவுதான். நாவலின் நாயகி மினாவை அவர் தீண்டுவது தன்னை வேட்டையாடுகிறவர்களைப் பழிவாங்க. அந்த 21ஆம் அத்தியாயத்தைப் படித்தால் கை நடுங்கும். அதில் துளிகூடச் சிருங்காரம் இல்லை.

அப்படியானால் இந்தக் காதல் மன்னனை உருவாக்கியது யார்? வாருங்கள், திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம்!

முதல் ஆள், முரட்டுத் துணிச்சல்காரர், ஜெர்மனியின் இயக்குநர் முர்னாவ். உரிமை வாங்காமலே 1922இல் பெயர்களை மாற்றி ‘நோஸ்ஃபெராட்டு’ எடுத்தார். சேவல் கூவும்வரை அந்தப் பிசாசைத் தன் படுக்கையருகே பிடித்துவைத்துத் தன்னையே பலிகொடுக்கும் எல்லன், நாவலில் கிடையவே கிடையாது. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துபோகும் என்பதும் இந்தப் படம் கொடுத்த வரம்தான். ஸ்டோக்கரின் பிரபு பகலிலும் வெளியே நடமாடுவார்!

அடுத்து, 1924. இங்கிலாந்தின் டெர்பி நகரம். நாடகக்காரர் ஹாமில்டன் டீன் கதையை மேடை ஏற்றுகிறார். ஊர் ஊராகப் போகும் குழு மலையையும் கோட்டையையும் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? டிரான்சில்வேனியாவை அப்படியே வெட்டிவிட்டு, கதையை லண்டன் வீட்டு அறைகளுக்குள் அடக்கினார். இங்கேதான் விஷயமே இருக்கிறது! கண்ணியமான வீட்டின் வரவேற்பறைக்குள் நாற்றமடிக்கும் கிழவரை யார் விடுவார்கள்? ஆகவே பிரபுவுக்கு விருந்து உடை வந்தது, நடத்தை வந்தது, அங்கி வந்தது. அங்கியின் அந்த நிமிர்ந்த காலர் எதற்குத் தெரியுமா? நடிகர் முதுகைக் காட்டி நின்றால் தலை மறைந்துவிடும். உள்ளிருந்து நழுவித் தரையின் பொறிக்கதவு வழியாக இறங்கிவிடுவார், அங்கி மட்டும் மிஞ்சும். மாயமாக மறைவதற்கு வைத்த காலர், உலகத்திலேயே கம்பீரமான காலராகிவிட்டது!

அந்த உடையோடு 1927இல் பிராட்வே மேடை ஏறியவர் பேலா லுகோசி. 1931இல் யுனிவர்சல் படம். கோரைப்பல்லைக் காட்டவே இல்லை, கண்ணிலேயே ஆளை விழுங்கினார். அந்தப் பார்வையில் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்டுக்கும் பங்குண்டு. லுகோசியின் கண்களில் மட்டும் விழும்படி மெல்லிய ஒளிக்கீற்றுகளைப் பாய்ச்சினார். படமோ காதலர் தினத்தை ஒட்டித் திரைக்கு வந்தது!

இதைவிடச் சுவையான சங்கதி இருக்கிறது. பகலில் ஆங்கிலப் படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் கிளம்பியதும், அதே செட்டுக்குள் இரவில் இன்னொரு குழு நுழையும். அவர்கள் எடுத்தது ஸ்பானிஷ் மொழி டிராகுலா! நாயகி லுபிடா தோவாருக்குக் கழுத்து இறங்கிய மெல்லிய கவுன், கேமராவுக்குத் தாராளமான ஓட்டம். பகல் படத்தைவிட ராத்திரிப் படத்தில் மோகம் ஒரு படி தூக்கல். அந்தப் படத்தின் தயாரிப்பாளர் பால் கோனர், லுபிடாவையே 1932இல் மணந்துகொண்டார். நாவலில் இல்லாத காதல், செட்டிலேயே பூத்துவிட்டது!

1958இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் வண்ணத்தில் இறங்கியது. நெடுநெடு கிறிஸ்டோபர் லீ, சிவப்பு லென்ஸ், பளிச்சென்ற ரத்தம். டிராகுலாவைச் சந்தித்த மறுநாள் காலை மினா வீடு திரும்பும் காட்சி. அந்த முகத்தில் பயம் வேண்டாம், சுகமான இரவைக் கழித்தவளின் பூரிப்பு வேண்டும் என்று நடிகை மெலிசா ஸ்ட்ரிப்ளிங்கிடம் கேட்டுவாங்கினார் இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர். 1979இல் வந்த டிராகுலா படத்தில் நடிகர் ஃபிராங்க் லாஞ்செல்லா கோரைப்பல் மாட்ட மறுத்தே காதலனாக நின்றார். அவருடைய காதல் காட்சிக்கு லேசர் ஒளியில் கோலம் போட்டவர், ஜேம்ஸ் பாண்ட் படங்களின் டைட்டில் கலைஞர் மாரிஸ் பைண்டர்!

இதற்கெல்லாம் சிகரம் 1992இல் வந்த படம். ஜேம்ஸ் ஹார்ட் எழுதிய திரைக்கதையை இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் கையில் சேர்த்தவர், மினாவாக நடித்த வினோனா ரைடரேதான். அதில் டிராகுலாவுக்கு 1462இல் இறந்த மனைவி எலிசபெட்டா. அவளே மினாவாக மறுபிறவி எடுக்கிறாள். விட்டகுறை தொட்டகுறை! இந்த யோசனைக்கும் பூர்விகம் உண்டு. 1932இன் ‘தி மம்மி’ படத்திலேயே இறந்த காதலியை மறுபிறவியில் தேடினார்கள். 1974இல் இயக்குநர் டேன் கர்டிஸ், எழுத்தாளர் ரிச்சர்ட் மாத்சன் கூட்டணி அதை டிராகுலாவுக்கே மாற்றிக் கொடுத்தது.

கொப்போலா கணினி வித்தைகளை ஒதுக்கிவிட்டு, மகன் ரோமனோடு சேர்ந்து பழைய மேஜிக் பெட்டியைத் திறந்தார். ராட்சத நாட்குறிப்புப் புத்தகம் ஒன்றைச் செய்து, அதன் பின்னால் பொம்மை ரயிலை ஓட்டினார்கள்! உடைகளுக்கு ஜப்பானின் ஐகோ இஷியோகா. பிரபு கடைசியில் அணியும் பொன்னங்கியில் ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியம் மினுங்குகிறது. உருகி உருகிப் பேசும் வசனங்கள் சொல்லாததை அந்தத் துணி சொல்லிவிடுகிறது. ஆஸ்கர் இஷியோகாவைத் தேடி வந்ததில் வியப்பென்ன?

இத்தனை பேரும் ஏன் இதே இடத்தில் கைவைத்தார்கள்? ஸ்டோக்கரின் நாவலில் பெரும்பாலும் நாட்குறிப்புகளும் கடிதங்களும்தான். மினாவின் கணவர் ஜொனாதன் எழுதுகிறார், மினா எழுதுகிறாள், டாக்டர் ஸீவர்ட் பதிவு செய்கிறார். டிராகுலாவுக்கு மட்டும் ஒரு நாட்குறிப்பு இல்லை! காகிதத்தில் அந்த மௌனம்தான் திகில். மேடையிலும் திரையிலும் அங்கே ஒரு நடிகர் உடம்போடு வந்து நிற்கிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்கிறோம். பசி என்ற பதில் போதவில்லை, காதல் என்றார்கள். தையல்காரரும் விளக்குக்காரரும் நடிகர்களும் சேர்ந்து, எழுதப்படாத அந்த நாட்குறிப்பை எழுதி முடித்தார்கள். எனக்கு அந்தக் கைவேலைமேல் தீராத பிரியம்.

ஆனால் ஒன்று. படங்களைப் பார்த்துவிட்டு நாவலை ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே இருக்கும் மினா யாருடைய மறுபிறவியும் இல்லை. சிதறிக்கிடந்த நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்து வரிசைப்படுத்தி, ரயில் நேரங்களை மனப்பாடமாக வைத்து, பிரபு தப்பிப்போகும் வழியைக் கணக்குப்போட்டுக் கண்டுபிடிப்பவள் அவள். அவளுக்கு இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது. அதைத் தைத்துக் கொடுக்கப்போகிறவர்களுக்காக நான் ஆசையாசையாகக் காத்திருக்கிறேன்!